ஊருக்கு ஒரு காது

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பு மொட்டை மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வாழ்வதற்கு ஏற்றது கிராமமா பட்டணமா என்று மூத்தவர்களைப் பேசச் சொன்னார்கள் அல்லவா. நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து உங்கள் ஊர்க் கிணற்றையும் வேப்பமரத்தையும் புகழ்ந்தீர்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் முறை வந்ததும் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் உங்கள் சாயங்காலத்தைக் கெடுத்துவிடுவேன் என்று பயம். அதைத்தான் இப்போது எழுதிக் கெடுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வருஷத்தில் நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சாயல்குடியிலிருந்து வண்டிப்பாதையில் போனால் வரும் பனங்காட்டு ஊர் எங்களுடையது. மழை பெய்தால் கம்பு, மிளகாய், பெய்யாவிட்டால் பனை. அவ்வளவுதான் ஊர்.

அங்கே பெண் பிறந்தால் காதைக் குத்தி, துளையில் ஓலைச்சுருளைச் செருகுவார்கள். சுருள் விரிய விரியத் துளை பெரிதாகும். பிறகு கனமான ஈயக் குணுக்கை மாட்டி, காது தோளைத் தொடும்வரை இழுத்து வடிப்பார்கள். அப்படி வடிந்து தொங்கும் காதில்தான் தண்டட்டி ஏறும். பார்க்கக் கனமான தங்கக் கட்டி, உள்ளே அரக்கு. காது வடியாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். காதில் நகையில்லாதவளுக்கு மூளி என்று பெயர். மூளிக்காதி ஒரு நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்க முடியாது.

என் அம்மாவின் காது ஊரிலேயே பேர்போன காது. இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு சுருக்கம் கிடையாது. குனிந்து வாசல் பெருக்கும்போது தண்டட்டி முன்னால் வந்து கன்னத்தில் இடிக்கும், அவள் தலையை ஒரு வெட்டு வெட்டிப் பின்னால் தள்ளுவாள். நான் அந்தக் காது வளையத்துக்குள் விரலைக் கோத்துக்கொண்டுதான் தூங்குவேன். நல்லெண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு வாசம் அதில் இருக்கும். கோத்த விரலை எடுத்தால் விழித்துக்கொள்வேனாம்.

எனக்கு மட்டும் காது வடிக்கவில்லை. அய்யா விடவில்லை, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் எட்டாவது வரை படித்தவர். "இவ படிக்கப் போற பிள்ள, இவளுக்கு எதுக்கு இந்தக் கருமாந்தரம்" என்று நான் பிறந்த அன்றைக்கே சொல்லிவிட்டாராம். அய்யாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, எங்கள் வீட்டோடு இருந்தவள். அவள் மகனுக்குத்தான் நான் என்று பேச்சு இருந்தது. "என் வீட்டுக்கு வாரவ காது கோழி காதாட்டம் ஒட்டிக் கெடக்குமாக்கும்" என்று வருஷம் பூராவும் சாடிக்கொண்டே இருப்பாள். அய்யா காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

அந்த ஆனி மாதம் அய்யாவுக்கு ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை கிடைத்தது. "கெட்டும் பட்டணம் சேருன்னு சும்மாவா சொன்னான்" என்று சொல்லிக்கொண்டே சாமான்களை வண்டியில் ஏற்றினார். பஸ் ஏறும் முன் சாயல்குடியில் நாவிதரிடம் உட்கார்ந்து குடுமியை எடுத்துவிட்டு, கிராப்புத் தலையோடு வந்து நின்றார். அம்மா சிரித்த சிரிப்பில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

பட்டணத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு வளவு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடித்தனம், நடுவில் உப்புக் கிணறு ஒன்று, மூலையில் ஒரு முருங்கைமரம். குடிக்கிற தண்ணீரைத் தண்ணீர் வண்டிக்காரரிடம் வாங்க வேண்டும். வண்டித் தண்ணீரில் எப்போதும் ஈரமரத்தின் மணம் இருக்கும். அம்மா முதல் வாரம் அதைக் குடிக்கவே மாட்டேன் என்றாள். ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அவளுக்குப் பட்டணம் பிடித்திருந்தது. இதை நான் பிற்பாடு மறந்துவிட்டேன், அவளும் மறந்தவள்போல இருந்துகொண்டாள். ராமேசுவரம் போகிற ரயில் கூவினால் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். கடைவீதிக்குப் போனால் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அங்கன என்ன போட்டுருக்கு, வாசி பாப்போம்" என்பாள். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி ஜவுளிக்கடை, பாத்திரக்கடை என்று வாசிப்பேன். ஏதோ நானே அந்தக் கடைகளைக் கட்டிய மாதிரி என்னைப் பார்ப்பாள். "நீ மட்டும் இங்கன படிச்சு முடிச்சுரு தாயி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்பாள்.

மத்தியானம் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவருவாள். பள்ளிக்கூட வாசலில் வேலியோரம் நிற்பாள். ஒருநாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குள்ள கை போகுமா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அது கேலி என்றே தோன்றவில்லை. பிள்ளை ஆசையாகக் கேட்கிறது என்று நினைத்து, தண்டட்டியை ஒரு பக்கம் ஒதுக்கிக் குனிந்து கொடுத்தாள். அந்தப் பெண் கையை விட்டாள். அடுத்தவள் வந்தாள். அப்புறம் வரிசை. ஒவ்வொரு கையாக உள்ளே போய் வந்தது, சிரிப்பு பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது. அம்மாவும் சிரித்துக்கொண்டே, "மெல்ல, மெல்ல, ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள். நான் தூக்குச் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். அன்று என்ன குழம்பு என்பது ஞாபகம் இல்லை, சட்டியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, "இனிமே நீ சோறு கொண்டுக்கிட்டு வராத" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டாள். மறுநாளிலிருந்து பக்கத்துக் குடித்தனத்துப் பையன் கையில் சோறு வந்தது.

நவராத்திரிக்கு வக்கீல் வீட்டில் கொலு. குமாஸ்தா குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தண்டட்டியைப் புளி போட்டு விளக்கி மாட்டிக்கொண்டு வந்தாள். சுண்டல் கொடுக்கும்போது வக்கீலின் மனைவி மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்க, இதுல ஒரு தேங்காயக் கட்டித் தொங்க விடலாம் போலிருக்கே" என்றார். கெட்ட மனசு என்று சொல்லமாட்டேன், வேடிக்கைக்குச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வாசல் நடையில் நின்றிருந்த அய்யா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். வளவுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துலயும் சிரிக்கிறாங்களா?" என்று கேட்டார். அம்மா எனக்குப் பின்னால் நின்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமா என்றேன். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழியும் கிடைக்கவில்லை.

பட்டணத்தில் அப்போது காதை அறுத்து ஒட்டிக்கொள்கிற பழக்கம் வந்திருந்தது. வடிந்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தைத்தால் பட்டணத்துக் காது ஆகிவிடும், தோடு போட்டுக்கொள்ளலாம். அய்யா அதைச் சொன்னதும் அம்மா முதலில் விளையாட்டென்று நினைத்தாள்.

"நான் எடுக்கலையா குடுமிய?" என்றார் அய்யா.

"ஒங்க குடுமி மறுபடி மொளைக்கும். என் காது மொளைக்குமா?"

பதில் இல்லாத ஆண்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். "பிள்ள இங்கன படிக்கணும்னா நீ இங்கன உள்ளவளா ஆகணும். ஏலாதுன்னா ஆத்தாளும் மகளும் பஸ் ஏறுங்க. அங்கன போயி ஆடு மேய்க்கட்டும்."

அம்மா இரண்டு நாள் ரயில் கூவியும் வாசலுக்கு ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில், என் சடையைப் பின்னிக்கொண்டே, "சரின்னு சொல்லிரு ஒங்கய்யாகிட்ட" என்றாள். என்னிடம்தான் சொல்லி அனுப்பினாள். நானும் போய்ச் சொன்னேன்.

பக்கத்துக் குடித்தனத்தில் இருந்தவரைக் கீழக்கரையம்மா என்போம். எனக்குச் சோறு கொண்டுவந்த பையன் அவர் மகன்தான். அவர் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் கடை. கீழக்கரையம்மாவின் காதில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வளையம். சேதி கேட்டு ஓடி வந்தார்.

"ஏன் தாயி, என் காதுலயுந்தான் இத்தன ஓட்ட இருக்கு, என்னய யாரு என்ன சொல்றா?"

"நீங்க கீழக்கரையில இருந்து வந்தவுக. ஒங்களுக்கு எல்லாம் அப்படித்தான்னு விட்டுருவாங்க. எங்களச் சிரிப்பாங்க" என்றாள் அம்மா.

"அல்லா தந்த காது தாயி."

"பிள்ளையையும் அவருதான தந்தாரு" என்றாள் அம்மா.

பெரிய ஆஸ்பத்திரி எங்கள் வளவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே டாக்டர் இருந்தார், மயக்க மருந்து இருந்தது. ஆனால் அங்கே வரிசையில் நின்றால் கோர்ட்டுக்காரர்கள் கண்ணில் பட்டுவிடுவாள், குமாஸ்தா பெண்டாட்டி காதறுக்க வந்தாள் என்று பேச்சாகிவிடும். அதனால் அய்யா எங்கிருந்தோ ஒரு கம்பவுண்டரைப் பிடித்து வீட்டுக்கே கூட்டிவந்தார். வெட்கத்தை மறைக்க ஒரு வெட்கம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவர் கெட்டவர் அல்ல, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. என்னைக் கீழக்கரையம்மா தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. மழைதான் கேட்டது. டிஞ்சர் வாடை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்தது.

கம்பவுண்டர் போன பிறகு உள்ளே விட்டார்கள். அம்மா தலையைச் சுற்றித் துணிக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு வாழையிலைத் துண்டில் அறுத்தெடுத்த இரண்டு சதை வார்கள் கிடந்தன. அய்யா அவற்றைக் குப்பையில் போட எடுத்தபோது, "குடுங்க" என்று அம்மா வாங்கிக்கொண்டாள். மஞ்சள் துணியில் முடிந்து, எழுந்து நடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கீழக்கரையம்மாதான் வாங்கிக்கொண்டு போய், மழையில் நனைந்தபடியே முருங்கைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். "ஒடம்புல இருந்து போனது மண்ணுக்குள்ளதான் போகணும் தாயி" என்றார். அய்யா இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடைமழைக் காலத்தில் புண் ஆறுமா? வலது காது எப்படியோ கூடிவிட்டது. இடது காது சீழ் பிடித்தது. காய்ச்சலில் அம்மா பாயோடு பாயாகக் கிடந்தாள். கம்பவுண்டர் இரண்டு தடவை வந்து பொடி தூவிவிட்டுப் போனார், மூன்றாம் தடவை கூப்பிட்டபோது ஊரில் இல்லை என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போனோம். கோர்ட்டுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், காதைக் காப்பாற்ற முடியவில்லை. தையல் விட்டு, கீழ்ப்பாதி அழுகி, அதையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து அம்மா முந்தானையைத் தலையில் போட்டு, இடது பக்கத்தை இழுத்து மூடிக்கொள்ளத் தொடங்கினாள். நான் தூக்கத்தில் கையை நீட்டினால் மெதுவாக எடுத்துத் தன் கழுத்தில் வைத்துவிடுவாள்.

நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மார்கழியில் வக்கீல் வந்து சொன்னார், தான் மதுரைக்கே போய்விடப் போவதாக. அங்கே பெரிய கோர்ட்டு, பெரிய பெரிய கட்சிக்காரர்கள். குமாஸ்தாவை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? அய்யா தை மாதம் முழுக்க இன்னொரு வக்கீலுக்காக ஏறி இறங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மாசியில் பஸ் ஏறினோம். நான் பாதியில் விட்ட வகுப்பு இன்னும் பாதியிலேயே இருக்கிறது.

ஊரில் எங்களை வா என்று கூப்பிட்டார்கள், முந்தானை மூடிய அம்மாவின் தலையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். பத்து நாளில் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. அம்மா வளையல் தட்டைக் கையில் எடுத்தாள். அத்தை எல்லோர் முன்னாலும் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீ அங்கிட்டு அடுப்படியப் பாரு. மூளிக்காதோட வந்து பிள்ளத்தாச்சிக்கு முன்னால நிக்காத."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கிராமத்து மனிதர்களின் பாசத்தைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நிறையச் சொன்னீர்கள். அந்த வீட்டில் அன்று அறுபது பேர் இருந்தார்கள். அம்மா அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தாள். அதற்கப்புறம் எந்த வீட்டு விசேஷமானாலும் அவள் இடம் அடுப்படிதான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எங்கள் ஊர்ப் பெண்களும் கூட்டம் கூட்டமாகப் பஸ் ஏறிப் போய்க் காதை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தையின் மகளே முதல் ஆளாகப் போனாள். எனக்கும் அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் முறையாகத் தைத்துவிட்டார். என் கம்மலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு தெரியும், நீங்கள் யாரும் கேட்டதில்லை. ஆமாம், எனக்கும் வடித்தார்கள். ஊருக்குத் திரும்பிய அந்தப் பங்குனியிலேயே.

அத்தைதான் காது வடிக்கிறவளைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தாள். அதற்குரிய வயது எப்போதோ தாண்டிவிட்டது, கத்தியால் கீறித்தான் துளையைப் பெரிதாக்க வேண்டும் என்றாள் வந்தவள். நான் அய்யாவைப் பார்த்தேன். ஒன்பது வருஷம் யார் சொல்லியும் கேட்காத மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருணிப் பக்கம் போய்விட்டார். அம்மாவைக் கட்டிக்கொண்டு, "வேணாம்னு சொல்லும்மா" என்று அழுதேன்.

"எனக்கு ஆனது ஒனக்கு ஆகக் கூடாது" என்றாள் அம்மா. "இனி இங்கனதான் கெடக்கப் போற. இங்கன உள்ள காது வேணும்."

முற்றத்தில் பாயை விரித்தார்கள். அத்தை என் காலைப் பிடித்தாள். அம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்தாள். கத்தி பட்டதும் நான் துள்ளினேன். கத்தினேன். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்பில் முந்தானை தலையிலிருந்து நழுவி விழுந்தது.

அந்தக் காதை நான் அத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. என் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. கீழ்ப்பாதி இல்லை. மிச்சமிருந்த ஓரம் காய்ந்த மிளகாய்த் தோல் போலக் கறுத்துச் சுருண்டிருந்தது. அம்மாவின் இரண்டு கையும் என் தலையில் இருந்ததால் அவளால் மூட முடியவில்லை. நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பியதில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

"பாத்தியா, வலி விட்டுருச்சு பிள்ளைக்கு" என்றாள் அத்தை.

வலி விடவில்லை. காது வடிக்கிறவள் ஓலைச்சுருளைச் செருகிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினாள். அத்தை கிண்ணத்தை எடுக்க எழுந்தாள். அம்மா என் தலையை விட்டுவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் என்னை யாரும் பிடித்திருக்கவில்லை. எழுந்து ஓடியிருக்கலாம், பனங்காடு பக்கத்தில்தான் இருந்தது. நான் புரண்டு படுத்து, மற்றக் காதைக் காட்டினேன்.